காப்பி இலையில் பிடித்த துரு



மரம் சீவும் கத்தியை ஈரத்தில் போட்டு வைத்தால் துருப் பிடிக்கும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். உயிருள்ள இலையிலும் துருப் பிடிக்கும் என்று சொன்னால் நம்புவார்களா? காப்பி இலையில் பிடித்த துரு ஒன்று, ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாட்டின் தோட்டத் தொழிலையே புரட்டிப் போட்டது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து சென்ற நம்மவர்கள். ஆகையால் இது நமக்கு அயலார் கதை அன்று. அந்தத் துருவை ஒரு காப்பி ரகம் தாங்கி நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் இன்னொரு ரகம் இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாகிவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு? இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இரும்புத் துருவுக்கும் இந்தத் துருவுக்கும் நிறத்தைத் தவிர வேறு உறவில்லை. இது ஒரு பூஞ்சணம். பழைய ரொட்டியில் பூக்கிறதே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் ரொட்டியில் பூக்கும் பூஞ்சணம் செத்த பொருளைத் தின்று வாழும். துருப் பூஞ்சணமோ உயிருள்ள இலையில்தான் வாழும். இலை செத்தால் அதுவும் செத்தது. இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

காப்பி இலையின் மேற்புறத்தில் முதலில் வெளிறிய மஞ்சள் புள்ளிகள் தெரியும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத்தில் மாவு தூவியதுபோல் இருக்கும். விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு நுண்வித்து. காற்றும் மழைத்துளியும், இலைகளுக்கிடையே புகுந்து போகும் மனிதரின் உடையும் அதைச் சுமந்து செல்லும். வேறோர் இலையின் அடிப்புறத்தில் போய் விழுந்து, அங்கே தண்ணீர் ஈரமும் இதமான வெப்பமும் சில மணி நேரம் கிடைத்தால் அது முளைவிடும். முளை, இலை மூச்சுவிடும் சிறு துளைகள் வழியாக உள்ளே நுழைந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் அந்தத் துளைகள் வழியாகவே புதிய தூள் வெளியே வரும். இப்படி ஒரு மழைக்காலத்தில் பல தலைமுறைகள்.

இந்த நோய் பழத்தைத் தொடுவதில்லை. இலையைத்தான் தாக்குகிறது. ஆனால் செடிக்கு இலைதானே அடுப்படி! இலை உதிர்ந்தால் சமையல் நின்றது. கிளை நுனிகள் காய்கின்றன. அடுத்த ஆண்டு காய்க்க வேண்டிய கொம்பே இல்லாமல் போகிறது. நோய் இந்த ஆண்டு வந்தால் பெரிய நட்டம் அடுத்த ஆண்டில் தெரியும். இலங்கையில் பலர் ஏமாந்தது இதனால்தான்.

இலங்கையில் இந்தத் துரு முதன்முதலில் கண்ணில் பட்டது 1869ஆம் ஆண்டில், மடுல்சீமைப் பகுதியில். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த துவைட்ஸ், நோய் கண்ட இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே பெர்க்லி என்ற பூஞ்சண ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டு, இது புதிய இனம் என்று கண்டு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். ஹெமிலியா என்றால் பாதி வழுவழுப்பானது. நுண்வித்தின் ஒரு பக்கம் மழமழவென்றும் மறுபக்கம் முள்முள்ளாகவும் இருப்பதால் வந்த பெயர். வஸ்டாட்ரிக்ஸ் என்றால் பாழாக்குவது. பெயர் வைத்தபோது அது எவ்வளவு பொருந்தப் போகிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அந்தக் காலத்தில் இலங்கை உலகின் பெரிய காப்பி நாடுகளுள் ஒன்று. 1870 வாக்கில் ஆண்டுக்கு 4 கோடி கிலோவுக்கு மேல் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. காப்பி விலையும் ஏறிக்கொண்டிருந்ததால், விளைச்சல் குறைவதைப் பற்றித் துரைமார் முதலில் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. குறைந்ததை ஈடுகட்ட மேலும் காட்டை அழித்து மேலும் காப்பி நட்டார்கள். அதாவது, துருவுக்கு மேலும் இலை பரிமாறினார்கள்! இருபது ஆண்டுகளில் ஏற்றுமதி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் மூடப்பட்டது. தோட்டங்கள் கைமாறின, பல தோட்டங்கள் காடாயின. உழைத்தவர்களின் சம்பளப் பாக்கி எத்தனையோ இடங்களில் பாக்கியாகவே நின்றுவிட்டது.

அங்கே காப்பிக்குப் பதிலாக வந்தது தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867இலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி விழுந்தபோது எல்லாரும் அவர் வழியே போனார்கள். இதனால் நம் மக்களின் வாழ்க்கையும் மாறியது. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் பெருங்கூட்டம் வேண்டும். ஆகவே மன்னார் வழியாக நடந்து வந்து, வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பியவர்களே மிகுதி. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். குடும்பம் குடும்பமாக வந்து லயங்களில் தங்கினார்கள். மலையகத் தமிழர் என்று இன்று நாம் சொல்லும் சமுதாயம் அங்கே வேரூன்றியதற்குக் காரணங்களை எண்ணினால், இந்த ஆரஞ்சுத் தூளும் அவற்றுள் ஒன்று.

சரி, இனி ரகங்களுக்கு வருவோம்.

இலங்கையில் நட்டிருந்தது முழுவதும் அரபிக்கா என்னும் காப்பி இனம். அதன் தாய்நாடு எத்தியோப்பியா. அங்கிருந்து அது ஏமனுக்குப் போயிற்று. ஏமனிலிருந்து வெளியே வந்த சில செடிகளின் பிள்ளைகளே உலகெங்கும் பரவின. தென் அமெரிக்காவின் பழைய காப்பித் தோட்டங்களில் பெரும்பகுதி, ஐரோப்பியப் பூங்காக்களில் வளர்த்த ஒன்றிரண்டு செடிகளின் வழிவந்தவை. நம் ரப்பரும் கிட்டத்தட்ட இப்படித்தான். பிரேசிலிலிருந்து எடுத்துவந்த விதையில் முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. இந்த வட்டாரத்து ரப்பரின் தொடக்கம் அதுதான். அரபிக்காவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்க்கும். எனவே பிள்ளை தாயைப் போலவே இருக்கும், பேரனும் அப்படியே. ஆயிரம் ஏக்கர் நட்டாலும் அது ஒரே செடியை ஆயிரம் ஏக்கருக்கு இழுத்து நீட்டியது போலத்தான்.

எத்தியோப்பியக் காட்டில் துரு இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே மரத்துக்கு மரம் குணம் வேறு. காப்பிக்கு நடுவே வேறு மரங்களும் நிற்கின்றன. துரு ஒரு மரத்தைப் பிடித்தால் அடுத்த மரத்தில் அதற்கு இடம் கிடைக்காமல் போகலாம். இலங்கையில் மலைக்கு மலை ஒரே செடி. 1880இல் அங்கே ஆராய வந்த மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இதைத்தான் சுட்டிக்காட்டினார். அப்போது அவருக்கு வயது 26. பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து நுண்வித்துகள் பறப்பதைப் பிடித்துக் காட்டினார். அவை இலைத்துளை வழியே நுழைவதையும் விளக்கினார். காற்றைத் தடுக்க ஒன்றுமில்லாமல் ஒரே பயிரை மைல் கணக்கில் நட்டதுதான் நோய்க்கு வழி விட்டது என்றார். துரைமார்கள் மருந்து எதிர்பார்த்தார்கள். அவரிடம் மருந்து இல்லை. துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பிரான்சு நாட்டில் கண்டுபிடித்தது 1885இல். அதற்குள் இலங்கைக் காப்பி படுத்துவிட்டது.

துரு தாங்கும் காப்பி வேறு ஏதாவது உண்டா என்று அப்போதே தேடினார்கள். முதலில் கிடைத்தது லைபீரிக்கா. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பெரிய மரம், தடித்த இலை, பெரிய பழம். தொடக்கத்தில் தாங்கியது. பிறகு இலங்கையிலும் சாவகத்திலும் அதன் மீதும் துரு ஏறியது. 1900ஆம் ஆண்டையொட்டிச் சாவகத்துக்கு ரொபஸ்டா என்னும் மூன்றாவது இனம் வந்தது. அது நன்றாகத் தாங்கியது; இன்றும் பெரும்பாலும் தாங்குகிறது. சுவையில் கசப்பு கூடுதல், மணம் குறைவு. ஆனால் தாழ்ந்த நிலத்தில், வெப்பத்தில், துருவுக்கு நடுவே காய்க்கும்.

இங்கே மலாயாவில் 1880களிலும் 1890களிலும், ரப்பருக்கு முன்னால், சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான் பக்கங்களில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. இலங்கையில் கையைச் சுட்டுக்கொண்ட துரைமார்கள் சிலர் இங்கே வந்து நட்டார்கள். நம்மவர்கள் அந்தத் தோட்டங்களிலும் உழைத்தார்கள். இங்கே நட்டது பெரும்பாலும் லைபீரிக்கா. அந்தக் காப்பியைக் கவிழ்த்ததில் பெரிய பங்கு பிரேசில் காப்பியால் விலை விழுந்ததற்கும், இலையைத் தின்னும் ஒரு புழுவுக்கும் உண்டு. ஆயினும் லைபீரிக்கா இந்நாட்டைவிட்டுப் போகவில்லை. மலேசியாவில் பயிராகும் காப்பியில் பெரும்பகுதி இன்றும் அதுதான். காலையில் கடையில் வாங்கிக் குடிக்கும் கறுத்த கோப்பிக் கலத்தில் இருப்பது ரொபஸ்டாவும் லைபீரிக்காவும். அரபிக்கா நம் தாழ்நிலத்து வெப்பத்துக்கு ஏற்றதன்று என்பது ஒரு காரணம். துரு இன்னொரு காரணம்.

ஒரு ரகம் எப்படித் தாங்குகிறது? இலை தடிப்பாக இருப்பதால் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரிய காரணமன்று. தாங்கும் ரகத்தின் இலைமீதும் நுண்வித்து விழுகிறது, முளைக்கிறது, துளை வழியாக உள்ளேயும் போகிறது. போராட்டம் உள்ளேதான். பூஞ்சணம் தொட்டதும், அந்த இலை அதை அடையாளம் கண்டுகொண்டால், தொடப்பட்ட இடத்திலுள்ள உயிரணுக்கள் உடனே தம்மைத் தாமே மாய்த்துக்கொள்கின்றன. லாலான் தீ பரவாமலிருக்க நடுவே புல்லைச் செதுக்கி இடைவெளி விடுகிறோம் அல்லவா, அதுபோல. உயிருள்ள இடத்தில்தான் இந்தப் பூஞ்சணம் வாழும் என்று முன்பே சொன்னேன். சுற்றிலும் செத்த இடமானால் அதற்கு உணவில்லை. இலையில் ஒரு சிறு புள்ளியோடு நோய் முடிந்துபோகும்.

அடையாளம் கண்டுகொண்டால் என்றேன். எல்லாம் அதில்தான் இருக்கிறது. இதற்கு இந்தியாவில் நடந்த ஒன்று நல்ல எடுத்துக்காட்டு.

மைசூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் 1911இல் கெண்ட் என்னும் துரை, துருப் பிடிக்காமல் பசுமையாக நின்ற ஒரு செடியைப் பார்த்து விதையெடுத்தார். அரபிக்காவிலேயே ஒரு ரகம். கெண்ட் காப்பி என்று பெயர் பெற்று 1920களில் எங்கும் பரவியது. சில ஆண்டுகள் போயின. கெண்ட் காப்பியின் மீதும் துரு ஏறத் தொடங்கியது. செடி மாறிவிட்டதா? இல்லை. பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் மேய்ன் என்ற ஆய்வாளர் 1930களில் இதைச் சோதித்தார். பல இடத்துத் துருத் தூளை எடுத்துத் தனித்தனியே இலைகளில் தடவிப் பார்த்தார். ஒரு தூள் பழைய ரகத்தைப் பிடித்தது, கெண்ட் காப்பியைப் பிடிக்க முடியவில்லை. இன்னொரு தூள் கெண்ட் காப்பியையும் பிடித்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆரஞ்சு நிறம்தான். ஆனால் துருவுக்குள்ளேயே பிரிவுகள் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. பிறகு வந்த ஆய்வாளர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளைக் கண்டிருக்கிறார்கள்.

பூட்டும் சாவியும் போல என்று வைத்துக்கொள்வோம். ஒரு லயத்தில் இருபது வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பூட்டு. திருடனிடம் அதற்குச் சாவி இல்லாதவரை இருபது வீடும் பத்திரம். ஒரு நாள் சாவி கிடைத்துவிட்டால் இருபது வீடும் ஒரே இரவில் போயிற்று. துரு கோடிக்கணக்கில் நுண்வித்தை உதிர்க்கிறது. அவற்றுள் எப்போதாவது ஒன்று மாறிப் பிறக்கும். அந்த ஒன்றுக்குப் பூட்டுத் திறந்தால் போதும். தோட்டம் முழுவதும் அதற்கு ஒரே இலை.

இதனால் ஒரு ரகத்தைத் துரு தாங்கும் ரகம் என்று சொல்லும்போது, எந்தத் துருவை, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், விதைப் பொட்டலத்தில் இதை அச்சிட்டே விற்க வேண்டும்.

துருக்களின் இந்தத் தேர்வுக் குணம் காப்பிக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவில் ஆப்பிளைப் பிடிக்கும் ஒரு துரு உண்டு. அது ஜூனிப்பர் என்னும் மரத்தில் ஒரு பருவமும் ஆப்பிளில் ஒரு பருவமுமாக மாறி மாறி வாழ்கிறது. கடையில் நாம் பார்க்கும் மஞ்சள் ஆப்பிளான கோல்டன் டெலிஷஸ் அதற்கு எளிதில் இரையாகும். சிவப்பான ரெட் டெலிஷஸ் நன்றாகத் தாங்கும். பெயரில் இரண்டும் உடன்பிறப்புப்போல இருக்கும். துருவுக்குப் பெயர் தெரியாதே!

மீண்டும் காப்பிக்கு வருவோம். 1927இல் திமோர்த் தீவில் அரபிக்காத் தோட்டத்தின் நடுவே துருப் பிடிக்காத ஒரு மரம் கண்டார்கள். அது அரபிக்காவும் ரொபஸ்டாவும் தாமாகவே கலந்து பிறந்த மரம். இப்படிப்பட்ட கலப்பு அரிது. அரபிக்காவின் உயிரணுவில் 44 குரோமோசோம்கள், ரொபஸ்டாவில் 22, கணக்கு ஒத்துவராது. எப்படியோ ஒத்து வந்துவிட்டது. ரொபஸ்டாவின் பூட்டுகள் பல அதனுள் இருந்தன. போர்த்துக்கல்லில் 1955இல் காப்பித் துருவை ஆராயவென்றே ஒரு நிலையம் தொடங்கினார்கள். அங்கே திமோர் மரத்தின் வழிவந்த செடியைக் கட்டூரா என்ற குட்டை ரக அரபிக்காவோடு சேர்த்துக் கட்டிமோர் என்ற கலப்பை உண்டாக்கினார்கள். இன்று உலகில் துரு தாங்கும் அரபிக்கா என்று விற்பவற்றுள் மிகப் பலவற்றுக்குப் பாட்டி அந்தத் திமோர் மரம்தான்.

அமெரிக்கக் கண்டத்தில் நூறாண்டுகள் துரு இல்லை. 1970இல் பிரேசிலில் தென்பட்டது. கொலம்பியாவுக்கு 1983இல் வந்தது. ஆனால் கொலம்பியர்கள் அது வருவதற்கு முன்பே, 1960களின் இறுதியிலேயே, திமோர் வழிக் கலப்பைத் தொடங்கியிருந்தார்கள். துரு வந்து சேர்ந்தபோது அவர்களிடம் ரகம் தயாராக இருந்தது. அதில் நான் மிகவும் மெச்சுவது ஒன்று உண்டு. அவர்கள் ஒரே செடியைப் பெருக்கவில்லை. பல வழிச் செடிகளின் விதையைக் கலந்து ஒரே பெயரில் கொடுத்தார்கள். உயரம், பழம், சுவை எல்லாம் ஏறக்குறைய ஒன்று. உள்ளே பூட்டுகள் வெவ்வேறு. ஒரு சாவி வந்தாலும் எல்லாக் கதவும் திறக்காது. 2005இல் வெளியிட்ட கஸ்டில்லோ என்ற ரகத்திலும் அதே முறைதான்.

மத்திய அமெரிக்காவில் பலர் பழைய ரகங்களையே வைத்திருந்தார்கள். 2012இலும் 2013இலும் அங்கே துரு பெரிதாக வெடித்தது. குவாத்தமாலா, ஹொண்டுராஸ், கோஸ்டாரிக்கா அரசுகள் நெருக்கடி நிலை அறிவித்தன. பழம் பறிக்கும் கூலிக்கு நம்பியிருந்த லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஹொண்டுராஸ் நாட்டில் லெம்பிரா என்ற கட்டிமோர் வகை அந்த வெடிப்பில் நன்றாகத் தாங்கியது. எல்லாரும் அதையே நட்டார்கள். 2017இல் லெம்பிராவும் துருவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்று அங்குள்ள காப்பி நிறுவனம் அறிவித்தது. கெண்ட் காப்பியின் கதை எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து வேறொரு மொழியில் மறுபடி நடந்தது, அவ்வளவுதான்.

வேறொரு விதமான தாங்கும் ஆற்றலும் உண்டு. அது துருவை அடியோடு தடுப்பதில்லை. நோய் வரும்; ஆனால் புள்ளி குறைவு, தூள் குறைவு, வளர்ச்சி மெதுவு. மழைக்காலம் முடிவதற்குள் துருவால் தோட்டம் முழுவதையும் பிடிக்க முடியாது. இது ஒரே பூட்டால் வருவதன்று. சிறு சிறு குணங்கள் பல சேர்ந்து வருவது. ஆகவே உடைப்பதும் கடினம். பார்ப்பதற்கு இது சற்று நோயுள்ள செடிபோல் தெரிவதால் விவசாயி விரும்புவதில்லை. பசேலென்று புள்ளியே இல்லாமல் நிற்கும் செடிதான் கண்ணைக் கவர்கிறது. நீடித்து உழைப்பது பெரும்பாலும் மற்றது.

ரப்பரிலும் இதைக் கண்டிருக்கிறோம். இலங்கையில் ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற நல்ல பால் தரும் கிளோனை விரும்பி நட்டார்கள். 1980களின் நடுவில் கொரினெஸ்போரா என்ற இலை நோய் அதைப் பிடித்து, நட்ட பரப்பை அழித்து வேறு கிளோன் போட வேண்டியதாயிற்று. அது துரு நோயன்று, வேறு பூஞ்சணம். ஆனால் ஒட்டுக்கட்டிய மரங்கள் எல்லாம் ஒரே மரத்தின் மொட்டு என்பதால் கணக்கு அதே கணக்குத்தான்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று காப்பிச் செடி வைத்திருக்கும் நேயர்கள் சிலர் இருப்பீர்கள். மழை பிடித்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில், கீழ்க் கிளைகளின் முற்றிய இலைகளைத் திருப்பிப் பாருங்கள். துரு முதலில் அங்கேதான் தென்படும். அந்தச் செடியைத் தொட்ட கையோடும் சட்டையோடும் அடுத்தவர் செடிக்குப் போகாதீர்கள். போன பருவத்தில் அளவுக்கு மீறிக் காய்த்த செடிக்கும் உரம் காணாத செடிக்கும் துரு விரைவில் ஏறும். எனவே எருப் போடுங்கள், கொப்புகளைக் கழித்துக் காற்றோட்டம் விடுங்கள். புதிதாகக் கன்று வாங்குவதானால் விவசாய இலாகாவில் ரகத்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கன்று வைக்க இடமிருந்தால் மூன்றும் ஒரே ரகமாக வேண்டாம்.